குருவிக்கும் சாம்பல் மிஞ்சவேண்டும்

அக்கா,

இன்று பிற்பகல் தொட்டியின் மூடியைத் திறந்தபோது இளஞ்சூடான ஆவியோடு சவர்க்கார மணம் வந்தது. எரிவாயு உலை இருந்த நாட்களில் இந்த அறைக்கு வேறு மணம். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாலும் அது போகாது. நீங்கள் கேட்ட இயந்திரம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் வேலை செய்த பன்றி இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டபோது, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே, வளர்ப்புப் பிராணிகளை எரித்துச் சாம்பல் கொடுக்கும் இந்த இடத்தில் முதலில் சேர்ந்தவர் நீங்கள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தீர்கள். "வா பிள்ளை, இஞ்சை அவசரம் இல்லை. வாற ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர் இருக்கு" என்றீர்கள். கோயில் மண்டபத்தில் ஒருத்தி, "நாய் பூனை எரிக்கிற வேலையோ?" என்று முகத்தைச் சுளித்தபோது நான் தலையைக் குனிந்தேன். நீங்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஓம். பண்டி வெட்டேக்கை ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை" என்றீர்கள்.

அந்த மஞ்சள் குருவி வந்த நாளை நான் மறக்கவில்லை. மனைவியை இழந்த ஒரு டேனிஷ் முதியவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் அவரோடு இருந்த கடைசி உயிர் அது. உலையைத் திறந்து பார்த்தால் தட்டில் ஒன்றுமே இல்லை. அத்தனை சின்ன எலும்பை நெருப்பு விட்டுவைக்கவில்லை. முதலாளி, வேறு சாம்பலில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். நீங்களோ வெறும் பெட்டியோடு வெளியே போய், உங்களுக்குத் தெரிந்த டேனிஷில் முதியவரிடம் உண்மையைச் சொன்னீர்கள். அவர் அந்தப் பெட்டியை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று காரில் ஏறியும் நீங்கள் அதைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒருத்தரையும் வெறும் பெட்டியோடை அனுப்பமாட்டன்" என்றீர்கள்.

தேடிக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். வேறு நாடுகளில் இறந்த பிராணியைச் சவர்க்காரம் செய்யும் காரம் கலந்த சுடுநீரில் கிடத்திச் சதையைக் கரைக்கிறார்கள். மண் பல காலம் எடுத்துச் செய்வதை அது சில மணி நேரத்தில் செய்துமுடிக்கிறது. புகை இல்லை, எரிக்க வாயு இல்லை, சின்னக் குருவியின் எலும்பும் மிஞ்சும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பிக்கு உட்காரும்போது இதையே முதலாளியிடம் சொன்னீர்கள். ஒருவழியாக அவர் சம்மதித்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில். பார்க்க வரும்போதெல்லாம், எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்னால், "மெஷின் வந்திட்டுதோ?" என்பீர்கள். "இன்னும் இல்லை அக்கா" என்று சொல்லிச் சொல்லியே உங்களை அனுப்பிவைத்தேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு அயலவர்கள் இயந்திரத்தை எதிர்த்தார்கள். முதலாளி தளர்ந்துவிட்டார். "இதை விட்டுவிடுவோம்" என்றார். எனக்காகவும் சேர்த்து எப்போதும் நீங்களே கதைப்பீர்கள் அல்லவா? அன்று நான் கதைத்தேன். "இல்லை. அவர்களை இங்கே கூப்பிடுங்கள். நான் விளக்குகிறேன்."

வந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "செத்த நாய்களைக் கரைத்து எங்கள் குழாயில் விடப்போகிறீர்களா?" என்று கேட்டாள். நானும் எழுந்தேன்.

"உங்கள் குழாயில் வராது. அந்த நீரில் கிருமி எதுவும் உயிரோடு இருக்காது. கொம்யூன் நகரசபை அனுமதித்தால் மட்டுமே அது கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகும்."

"உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம்?"

மஞ்சள் குருவியைப் பற்றிச் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கேள்வி கேட்ட பெண் போகவில்லை. "என் பூனைக்கும் வயதாகிவிட்டது" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பிறகு கொம்யூனுக்கு விடாமல் அழைத்தேன். பெயரைச் சொல்ல முன்னரே என் குரலை அடையாளம் கண்டார்கள். அனுமதி வந்தது, இயந்திரமும் வந்தது.

போன கிழமை ஓர் இளம்பெண் தன் குட்டி முயலைக் கொண்டுவந்தாள். இந்தத் தொட்டியில் நான் கிடத்திய முதல் உயிர் அது. தண்ணீர் வடிந்த பிறகு தட்டில் எலும்புகள் ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று கிடந்தன. உலர்த்தி அரைத்தேன், அரிசிமா போல வந்தது. பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிய அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"உள்ளே இருந்தபோது என் முயல் தனியாகவா இருந்தாள்?"

இயந்திரத்துக்குக் காவல் தேவையில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். என்றாலும் நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அது ஓய்ந்து அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

"இல்லை," என்றேன். "நான் இருந்தேன்."

இனி வருகிற ஒவ்வொன்றுக்கும் இருப்பேன், அக்கா.