கை கட்டினால் வாய் திறக்காது

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'ர்ர்ர்' பழகிக்கொண்டிருந்தேன். இவர் வாசலுக்கு ஓடிப்போய் பைக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். யாரோ ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று நினைத்தாராம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே, எங்கே மோட்டார் சத்தம் கேட்டாலும் காது விடைத்துக்கொள்ளும்.

"நான்தாங்க" என்றேன்.

"நீயா? இழுவை பத்தல. ஒரு சர்வீஸ் விட்டுரு" என்றார். கொழுப்பு.

பள்ளியில் மழலையருக்கு நான் எடுக்கும் ஒலி வகுப்பு இப்படித்தான். எழுத்தை எழுதிக் காட்டுவேன், அதன் ஒலியைச் சொல்வேன், கூடவே ஒரு செய்கை. 'ம்' என்றால் வயிற்றைத் தடவ வேண்டும், சாப்பாடு ருசியாம். 'ப்' என்றால் உள்ளங்கையில் வைத்த காகிதத் துண்டை உதட்டால் பறக்கவிட வேண்டும். 'ட்' கதவைத் தட்டுவது. 'ர்' பைக் கைப்பிடியை முறுக்குவது. 'ச்' தலையில் அடித்துக்கொள்வது. இது ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

பெரிய டீச்சர் என்னை இந்தப் பருவத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறார். (தலைமை ஆசிரியையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) "பருவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாங்க" என்றார். இதற்கு முன்னால் மூன்று வருடம் போனில் ஊரார் புகார் கேட்கிற வேலை பார்த்தேன். அங்கே திரும்பிப் போக மாட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும். அவ்வளவுதான், எழுதிவிட்டேன்.

ஜூன் 5

'ப்' பழகினோம். மூக்குக் கண்ணாடியை நான்கு தடவை கழுவினேன்.

ஜூன் 10

மைக்செட் இன்று ஒரு வார்த்தை படித்தாள்!

அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பிலிருந்து பதில் வரும். அதனால் அந்தப் பெயர், எனக்குள் மட்டும். பலகையில் 'மாடு' என்று எழுதினேன். எழுந்தாள். வயிற்றைத் தடவினாள். டாக்டரிடம் காட்டுவதுபோல் அண்ணாந்து வாயைப் பிளந்தாள், அது 'ஆ'. கதவைத் தட்டினாள். சுட்டுக்கொண்ட விரலை ஊதினாள், அது 'உ'. கொஞ்ச நேரம் கண்ணை உருட்டினாள். பிறகு "மாடூ!" என்று போட்டாளே ஒரு சத்தம், பக்கத்து வகுப்பு டீச்சர் மாடுதான் வந்துவிட்டதென்று எட்டிப் பார்த்தார்.

யாரும் சொல்லித்தராத வார்த்தை. அவளே கூட்டிச் சேர்த்துப் படித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தில் இருந்த ஈரத்தில் பாதி அவள் விரலை ஊதியதில் தெறித்தது என்பது வேறு விஷயம்.

ஜூன் 16

புகார் கேட்கிற வேலை என்னை விடுவதாக இல்லை.

மைக்செட்டின் அம்மா: "டீச்சர், சாப்பிட உட்கார்ந்தா தட்டுல இருக்கிறதுக்கெல்லாம் பேர் படிக்கிறா. பப்பாளின்னு படிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க குளிச்ச மாதிரி ஆயிடறோம்."

அடுத்து பெரியவரின் அப்பா. பெரியவருக்கு நாலரை வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், பென்சில் கேட்டால் "எதுக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் தருவார். பஸ்ஸில் போகும்போது ஏதோ போர்டைப் படித்திருக்கிறார். 'ட்' வந்ததும் தட்டுவதற்குக் கதவு இல்லை. முன் சீட்டில் ஒரு வழுக்கைத் தலை இருந்திருக்கிறது.

"ரெண்டு 'ட்' டீச்சர், அந்த வார்த்தையில" என்றார் அப்பா. சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

ஜூன் 18

சிரித்தது போதும். வழுக்கைத் தலை விவகாரம் பெரிய டீச்சர் காதுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். ஒவ்வொரு வகுப்பும் மேடையில் ஏதாவது செய்ய வேண்டும். என் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டுமாம். "ஆனா இந்த ஊதறது, தட்டறது, தலையில அடிச்சிக்கறது ஒண்ணும் வேண்டாங்க. கை கட்டி, நேரா நின்னு, வாயால மட்டும் படிக்கட்டும். அதைப் பார்த்துட்டுத்தான் உங்க விஷயத்தையும் முடிவு பண்ணணும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வாயால் படிப்பதுதானே படிப்பு? இதிலென்ன கஷ்டம்?

ஜூன் 19

கஷ்டம்.

"எல்லாரும் கை கட்டுங்க" என்றேன். கட்டினார்கள். 'மாடு' என்று எழுதினேன். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. மைக்செட்டிடமிருந்தே சத்தம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், கட்டின கையைப் பார்க்கிறார்கள்.

பெரியவர்தான் கடைசியில் எடுத்துச் சொன்னார். "டீச்சர், கை கட்டியிருக்கு. எப்படிப் படிக்கிறது?"

கையை அவிழ்க்கச் சொன்னேன். படபடவென்று 'மாடு' வந்தது. கட்டச் சொன்னேன், நின்றுவிட்டது. குழாயைத் திருகி மூடியதுபோல.

ஐயோ. ஒலியை வாய்க்குக் கொடுத்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கைக்குக் கொடுத்து வச்சிருக்கேன். எந்த டீச்சராவது இப்படிப் பண்ணுவாளா? தினமும் ஆட்டம் போட்டது நான், மாட்டிக்கிட்டது பிள்ளைங்க.

ஜூன் 20

செய்கையைச் சின்னதாக்கிப் பார்த்தேன், விரலால் மட்டும். விரல் மணிக்கட்டாகி, மணிக்கட்டு முழங்கையாகி, 'ட்' வந்தபோது ஒருவனுக்கு மூக்கில் அடி. கைவிட்டேன்.

ஜூன் 23

புது யோசனை. "கை ஆடக் கூடாது. செய்கையை உள்ளுக்குள்ள பண்ணுங்க" என்றேன்.

"உள்ளன்னா எங்க டீச்சர்? வயித்துலயா?" என்றார் பெரியவர்.

அவசரத்தில் "ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 24

வயிறு வேலை செய்கிறது! கை கட்டியபடி ஆறு வார்த்தை படித்துவிட்டார்கள். பார்க்கத்தான் கண்றாவியாக இருக்கிறது. 'ப்' வந்தால் வயிறு உப்புகிறது, 'ட்' வந்தால் உள்ளே ஒடுங்குகிறது, 'ர்' வந்தால் இடுப்போடு குலுங்குகிறது. புருவம் தன் பாட்டுக்கு ஏறி இறங்குகிறது. ஆனால் கை? கட்டியது கட்டியபடி.

இவரிடம் நடித்துக் காட்டினேன். "டாய்லெட் எங்க இருக்குன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார். பேசவில்லை அவரோடு.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடையில் என் பிள்ளைகள் வரிசையாக, கை கட்டி, நேராக. நான் ஓரத்தில் அட்டைகளோடு. முன் வரிசையில் பெரிய டீச்சர். முதல் நான்கு வார்த்தை வயிறுகளின் புண்ணியத்தில் நன்றாகவே போயிற்று. இரண்டாவது வரிசையில் யாரோ "பாவம், குழந்தைங்களுக்கு வயித்து வலி போல" என்றது காதில் விழுந்தது.

அதோடு முடித்திருந்தால் தப்பித்திருப்பேன். பெரியவரின் அப்பா எழுந்தார். "பழகின வார்த்தையை யாரும் படிப்பாங்க. நான் ஒண்ணு எழுதறேன், படிக்கட்டும்" என்றார். பெரிய டீச்சர் தலையாட்டினார். அப்பா மேடையேறிப் பலகையில் எழுதினார்: பாட்டு.

மைக்செட் முன்னால் வந்தாள். வயிறு ஒரு தரம் உப்பியது. நின்றது. மறுபடி உப்பியது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. உதடு பிதுங்கியது. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். என் கை தானாக எழும்பப் பார்த்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அப்போது அவள் அம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து நின்று, உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து 'ப்' என்று ஊதினார். பின்னாலேயே இன்னொரு அம்மா. அவர் பக்கத்தில் ஒரு மாமா அண்ணாந்து வாயைப் பிளந்தார். அப்புறம் யார் யாரென்று சொல்ல முடியாது. பிள்ளைகள் தினமும் வீட்டில் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள்! அரங்கு முழுக்கப் பெரிய மனிதர்கள், ஊதிக்கொண்டும் வாயைப் பிளந்துகொண்டும் கதவு தட்டிக்கொண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நின்ற அப்பா பார்த்தார், பார்த்தார், பிறகு அவரும் காற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து விரலை ஊதினார்கள்.

"பாட்டூ!"

மைக் வைத்திருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மைக்செட் கட்டின கையை அவிழ்க்காமலே குதித்தாள்.

பெரிய டீச்சர் எழுந்து அடுத்த வகுப்பை அழைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 28

பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சொன்ன சொல்லைப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். பெற்றவர்கள்தானே கையை ஆட்டினார்கள்? அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இப்படித்தான் பெரிய டீச்சரிடம் வாதாடப் போகிறேன், கேட்டால்.

ஜூலை 4

பருவம் முடிந்து விடுமுறை. பெரிய டீச்சர் கேட்கவே இல்லை.

ஜூலை 11

பள்ளி அலுவலகத்திலிருந்து போன். "திங்கட்கிழமை வாங்க" என்றார் எழுத்தர், வைத்துவிட்டார். எதற்கு வாங்க? வேலைக்கா, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகவா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியமில்லை. "போய்த்தான் பாரேன்" என்கிறார் இவர். சொல்வது சுலபம்.

ஜூலை 14, திங்கள்

நேரத்துக்கே போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகத்தான் கால் வரவில்லை. எதிர்ப்பக்க மரத்தடியில் நின்று பையைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். மணி அடித்து அடங்கிய பிறகுதான் வாசலைத் தாண்டினேன்.

படியிலேயே பெரிய டீச்சர். "ஏம்மா, உனக்கு மணி அடிச்சது காதுல விழலையா? பிள்ளைங்க உட்கார்ந்து இவ்வளவு நேரமாச்சு. இதெல்லாம் எங்கிட்ட வச்சுக்காதே. போ, வகுப்புக்குப் போ!"

எல்லோர் முன்னாலும். முகம் சுண்டிப்போய் மாடியேறினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னை இப்படித் திட்டிட்டாங்க, நீங்க சிரிக்கறீங்களே" என்றேன்.

"என்னன்னு திட்டினாங்க, கவனிச்சியா? 'நீ'ன்னுதானே? வந்துட்டுப் போறவங்களைத்தான் அவங்க 'வாங்க, போங்க'ம்பாங்க. எனக்கு அந்த 'நீ' வர ரெண்டு வருஷம் ஆச்சு."

வகுப்பில் பிள்ளைகள் யாரும் கை கட்டியிருக்கவில்லை. நாளைக்கும் கொஞ்சம் தாமதமாகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.