மணியாச்சியில் ரயிலேறும் ஆடு

மைனி,

நேற்று உங்கள் மகள் சாத்தூரிலிருந்து வந்தாள். உங்கள் டிரங்குப் பெட்டியை ஒழுங்கு பண்ணினாளாம். அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே, எட்டாக மடித்த பழைய பேப்பர் ஒன்று கிடந்ததாம். என் கையில் கொண்டுவந்து வைத்தாள். பிரித்ததும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையின் வாடை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் போகவில்லை. ஈரமான தீப்பெட்டிகள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். ஒரு பக்கம் முழுக்கக் குடை விளம்பரம். மறுபக்கம் பருத்தி விலையும் ஒரு மரண அறிவிப்பும். ஆட்டைப் பற்றி ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

கிடையாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாமலே இருந்தது. நீங்கள் இருந்தவரை அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரத்தகடும் நீலத்தாளும் வாங்கி வந்து, என் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஐந்தாறு பேர் பெட்டி ஒட்டுவோம். காயப்போடுவதற்குப் பழைய பேப்பர் கட்டாக வாங்கிப் போடுவது வழக்கம். அதில் நீங்கள் ஒரு சட்டம் வைத்தீர்கள்: வாசிக்காத பேப்பரில் பெட்டி காயக்கூடாது. மற்ற கொட்டகைகளில் பேப்பரை விரித்தோமா, பெட்டியைப் பரத்தினோமா என்று போய்க்கொண்டிருப்பார்கள். நம் கொட்டகையில் நான் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்து வாசித்த பிறகுதான் அது தரைக்கு வரும். தெருவில் வாசிக்கத் தெரிந்த பொம்பிளை நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"கட்சிச் சண்டை, வெட்டுக்குத்து எல்லாம் தள்ளு. எங்கனயாச்சும் ஊர் அதிசயம் போட்டிருக்கானா பாரு" என்பீர்கள். அதற்கென்று ஒரு மூலையில் துணுக்குச் செய்திகள் இருக்கும். ஆறு மாதம் சூரியன் மறையாத நாடு ஒன்று இருக்கிறது என்று வாசித்தேன். நீங்கள் கை நிற்காமல் ஒட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அங்கன தீப்பெட்டி ஆபீஸ் வச்சிராம இருக்கணும். பொழுதடையட்டும், வீட்டுக்குப் போலாம்பான் மொதலாளி." பனிக்கட்டியை அடுக்கி வீடு கட்டி வாழ்கிறவர்களைப் பற்றி வாசித்தேன். "நம்ம ஊர்ல சித்திரையில ஒண்ணு கட்டச் சொல்லு ஏட்டி. மத்தியானத்துக்குள்ள வீட்டைக் குடத்துல மொண்டுட்டு வந்துரலாம்." ஒரு வீட்டின் நடுவில் இரண்டு நாட்டின் எல்லைக்கோடு போகிறது, அடுப்படி ஒரு நாடு, படுக்கிற அறை ஒரு நாடு என்று வாசித்தபோது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "மாமியாளைப் படுக்கையறை நாட்டுல போட்டுக் கோட்டுல காவல் வச்சிருவேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பசைச்சட்டி கவிழ்ந்தது.

ஒரு நாள் நீங்கள் சிரிக்கவில்லை. "நாம ஒட்டுத பெட்டி டெல்லி, கல்கத்தான்னு போகுது. நாம இந்தா இருக்க கடம்பூரைத் தாண்டல. அதிசயம் பூராவும் கப்பல்ல போற தூரத்துலயேதான் நடக்கணுமா? நம்ம பக்கத்துல ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாரு ஏட்டி. நீ படிச்சவ."

அன்றைக்கு என் கையில் இருந்தது இந்தக் குடை விளம்பரத் தாள்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். 'படிச்சவ' என்று நீங்கள் சொன்ன பிறகு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பேப்பர் வாசிக்கிற குரலிலேயே வாசித்தேன். மணியாச்சி ஜங்ஷனில் ஒரு வெள்ளை ஆடு. மணி அடித்ததும் தானாகப் பாசஞ்சரில் ஏறி, கடம்பூரில் இறங்கி மேய்ந்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிடும். டிக்கெட் பரிசோதகர் கூட அதற்கு வழிவிட்டு நிற்பார்.

"மணியாச்சி நம்ம பக்கம்தான?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, மஞ்சள் பையோடு வந்து நின்றீர்கள். "ஆட்டைப் பார்த்துட்டு வாரேன்."

பசைச்சட்டியைக் கீழே வைத்தேன். "வெயிலு கொளுத்துது மைனி. தனியா எதுக்குப் போகுதீங்க?"

"கலியாணத்துக்கே என்னை மாட்டுவண்டியிலதான் கூட்டியாந்தாவ. இந்த வயசு வரைக்கும் ரயில்ல ஏறினதில்ல. இப்போ தடுக்கதுக்கு உங்க அண்ணனும் இல்ல. அந்தப் பேப்பரைக் கொடு. யாரும் கேட்டாக் காட்டணும்லா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பெட்டிகளைத் தட்டிவிட்டுத் தாளை உதறி, மடித்து, உங்கள் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் ஒட்டியதில் பாதிப் பெட்டியில் லேபிள் தலைகீழ். நீங்கள் தொலைந்துபோவீர்கள் என்று பயப்படவில்லை. திரும்பி வந்து என்ன சொல்வீர்கள், தெருவில் என் மானம் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் அந்த நினைப்பு போய்விட்டது. எனக்கு எதிரே காலியாகக் கிடந்த உங்கள் சாக்குத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கும் அது அப்படியே கிடக்குமோ என்று தோன்றியதும் கை ஓடவில்லை.

பொழுது சாய வந்தீர்கள். பையில் கடம்பூர் போளி. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பார்த்தேன்" என்றீர்கள்.

நான் நிமிரவில்லை.

"பேப்பர்க்காரன் நேர்ல வராமலே எழுதியிருக்கான் ஏட்டி. வெள்ளைன்னுல்லா போட்டிருந்தான்? கறுப்பு. ஒரு காது கிழிஞ்சிருக்கு. தூத்துக்குடி வண்டி வந்துச்சு, ஏறெடுத்துப் பார்க்கல. நம்ம வண்டிக்கு மணி அடிச்சதும் எந்திரிச்சிட்டுது."

மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எஞ்சின் யானை மாதிரி நின்று தண்ணீர் குடிப்பதைச் சொன்னீர்கள். புதுப்பெண் ஒருத்தி ஜன்னல் கம்பியை விடாமல் அழுததையும், வண்டிக்குக் காத்திருந்தே தூங்கிப்போய் வண்டியைத் தவறவிட்ட மனிதரையும் சொன்னீர்கள். பேப்பர் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். "காத்துல போயிட்டுது" என்றீர்கள்.

மறுநாள் வழக்கம்போல உங்கள் சாக்குத்துண்டில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன போட்டிருக்கு?" என்றீர்கள். நான் ஒரு தாளை எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தேன். "எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லிராத. பெறகு எனக்குப் போகத் தோணும். நீ வாசி, போதும்" என்று போளியில் மீதியை என் பக்கம் தள்ளினீர்கள். அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அல்லது அப்படி எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

பிறகு அந்த ஆடு ஊரெல்லாம் சுற்றியது. யாராவது நம்பாவிட்டால் நீங்கள் என்னைக் கை காட்டுவீர்கள். "பேப்பர்ல போட்டிருந்துச்சு, நான்தான் வாசிச்சேன்" என்று நானும் அடித்துச் சொல்வேன்.

நேற்று நான் இந்தத் தாளை முன்னும் பின்னும் புரட்டியதைப் பார்த்து உங்கள் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆட்டுப் பேப்பரா அத்தை இது? மணியாச்சியில டீ விக்கிற அண்ணாச்சிக்கிட்ட அம்மா காட்டினாளாம். அவிய வாசிச்சிட்டு, 'இதுல குடைதான் போட்டிருக்கு தாயி, ஆடும் இல்ல குட்டியும் இல்ல'ன்னுட்டாவளாம். அம்மா சாயங்கால வண்டி வரைக்கும் பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பார்த்திருக்கா. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. 'தெரிஞ்சா வெக்கப்பட்டு வாசிக்கதை நிறுத்திருவா. பெறகு நான் எங்கன போவேன்?' அப்படின்னா."

மைனி, அத்தனை வருஷமும் தெரிந்துகொண்டா எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டீர்கள்?

இப்போது கொட்டகை இல்லை. பெட்டி ஒட்டுவதை நான் விட்டுவிட்டேன். என் மகன் அன்றாடம் பேப்பர் போடச் சொல்லியிருக்கிறான். துணுக்கு இன்னும் அதே மூலையில்தான் வருகிறது. வீட்டில் ஆள் இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். பேத்தி இங்கிலீஷே வாசிக்கிறாள். டி.வி.யும் வந்துவிட்டது. நான் யாருக்கு வாசிப்பது? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே வாசிக்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது. எதிரே சுவர். "பெறகு?" என்று கேட்க ஆளில்லை என்றால் எந்த அதிசயமும் நாலு வரியில் முடிந்துபோகிறது. உலகம் முழுக்க வாசித்தவள் நான். மணியாச்சி வரைக்கும் போனவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பேத்தி இந்தத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஆச்சி, நீங்க சொல்லுவீங்களே ஒரு ஆடு, அது நெசமாவே பேப்பர்ல வந்துச்சா?"

"பேப்பர்ல வரல. நான்தான் பொய்யா வாசிச்சேன்" என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்போ ஆடே கிடையாதா?"

"அது எப்படிக் கிடையாமப் போகும்? எங்க மைனி பார்த்திருக்காவ. கறுப்பு ஆடு. ஒரு காது கிழிஞ்சிருக்கும்."