வரைபடம் நின்றுபோகும் இடம்

அக்கா,

இன்று காலை அகராதியைப் புரட்டியபோது நடுவிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. ஒரு பக்கம் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் கறுப்புக் கட்டங்கள். மறுபக்கம் என் கையெழுத்து: ‘அம்மாக்கள் கொழுந்து வெட்டும் இடத்திலிருந்து மேலே ஏறு. தண்ணீர்த் தொட்டி தெரியும்.’ ஓரத்தில் செம்மண் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிப் போட மனம் வரவில்லை.

அப்போது நீங்கள் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. நான் பள்ளியில் நான்காம் படிவம். விடுமுறைக்கு நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அன்றே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடான எங்கள் வீட்டுக்குள் நுழைந்தீர்கள்.

“ஏய் புத்தகப் புழு, எனக்கு ஒரு வேலை செய்றியா?”

“என்னக்கா?”

“தொலைஞ்சு போகணும்.”

என் வகுப்புத் தோழி பிரியா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். “அதுக்கு இவதான்லா சரி. கேண்டீனுக்குப் போற வழியிலயே தொலைஞ்சிருவா,” என்றாள். நீங்கள் சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, உங்கள் முதல் நாள் கதையைச் சொன்னீர்கள்.

பதிவு செய்யும் மண்டபம் எங்கே என்று தெரியாமல், பெட்டியோடு வளாகத்துப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். எத்தனையோ பேர் கடந்து போனார்கள். உங்கள் மலாய் தோட்டத்து மலாய், ஆங்கிலம் அதைவிட மோசம் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. “திரும்பி வர்றதுக்கு டிக்கெட் பார்த்துட்டேன்டி. ஒரு அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தா, இன்னிக்கு நானும் ஃபேக்டரியில நின்னுருப்பேன்.” யாரோ ஒரு மாணவி தானாக வந்து விசாரித்ததால் தப்பினீர்கள்.

புது மாணவர்களில் ஒருவர்கூட அப்படித் திரும்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் உங்கள் கடைசி ஆண்டுத் திட்டப்பணியாக ஒரு கைப்பேசி விளையாட்டை உருவாக்கினீர்கள். ஒரு மாணவியின் அழைப்புக் கடிதம் காற்றில் கிழிந்து பறந்துவிடுகிறது. துண்டுகள் வளாகமெங்கும் கிடக்கின்றன. கைப்பேசியின் வரைபடம் வழிகாட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஓர் அட்டை தொங்கும். அதை ஸ்கேன் செய்தால் படக்கதையில் ஒரு பக்கம் திறக்கும், அடுத்த இடத்துக்குக் குறிப்பு கிடைக்கும். மண்டபம், நூலகம், விடுதி எல்லாம் விளையாடியபடியே பழகிவிடும். அதை முதலில் நம் தோட்டத்தில் ஓட்டிப் பார்க்க நினைத்தீர்கள். குறிப்புகளை எழுதும் வேலையை என்னிடம் தந்தீர்கள். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை எழுதினேன். சனிக்கிழமை காலை பிரியாவும் நானும் கிளம்பினோம். மூன்று அட்டைகள் வரை அருமையாகப் போனது. நான்காவதில் மாட்டிக்கொண்டோம். கொழுந்து வெட்டும் இடத்தில் யாருமே இல்லை. அம்மாவின் கூட்டம் வெள்ளிக்கிழமையே அந்தச் சரிவை முடித்துவிட்டு எதிர் மலைக்குப் போய்விட்டது. நம் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் இடம் சொல்வோம்: ‘நேத்து வெட்டின இடம்’, ‘இன்னிக்கு வேலை நடக்கிற இடம்’. அடையாளம் நடந்து போய்விடும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்குள் மூடுபனி இறங்கியது. லைன் கிடைக்காமல் வரைபடத்தின் நீலப் புள்ளி பள்ளத்தாக்கைத் தாண்டிக் குதித்தது.

“எழுதினவளே தொலைஞ்சா எப்படிடீ?” என்று பிரியா கத்தினாள். பிறகு அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தினமும் பார்ப்பேன்; பேசியதில்லை. போய், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று மலாயில் கேட்டேன். நான் உளறியதை அவர் முகம் சுளிக்காமல் கேட்டார். “அத்தாஸ், அத்தாஸ்,” என்று மேலே கை காட்டிவிட்டு, சாக்கை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு ஏறி வந்தார்.

நீங்கள் தொட்டியருகே காத்திருந்தீர்கள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நீங்களோ அவர் பெயரைக் கேட்டீர்கள், ஊரைக் கேட்டீர்கள், நன்றி சொன்னீர்கள். அவர் இறங்கிப் போனதும் என்னைப் பார்த்தீர்கள். “யாரு முதல்ல பேசினது? நீயா?” தலையாட்டினேன். “நான் ரெண்டு மணி நேரம் செய்யாததை நீ ரெண்டு நிமிசத்துல செஞ்சிருக்க. இத்தனை நாளா தப்பா செஞ்சிட்டிருந்தேன்டி. யாரையும் கேக்காமலே போய்ச் சேர்ற மாதிரி பண்ணிட்டேன்.”

அந்த வாரமே அதை மாற்றினீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் நூறடி முன்னால் வரைபடம் நின்றுபோகும். திரையில் ஒரே வரி வரும்: இனி யாரையாவது கேள்.

உங்கள் விரிவுரையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. வழியைக் காட்டாமல் பாதியில் நிற்பதற்கு எதற்கு ஒரு செயலி என்று கேட்டார்களாம். அந்த வரியை எடுத்துவிட்டால் நல்ல மதிப்பெண் உறுதி. நீங்கள் எடுக்கவில்லை. “கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது வேணாம்லா. என்னை மாதிரி ஆளுக்குத்தான்,” என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னீர்கள். கடைசியில், அடுத்த சேர்க்கையின்போது ஒரே ஒரு புலத்தின் புது மாணவர்களிடம் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். தங்கிப் பார்த்துக்கொள்வதற்காக நீங்கள் விடுதி அறையைக்கூடக் காலி செய்யவில்லை. சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்னால் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

உங்கள் பொருள்களை எடுத்துவர உங்கள் அப்பா, அம்மாவோடு நானும் போனேன். அது சேர்க்கை நாள். உங்கள் அம்மா விடுதி அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்த உங்கள் அப்பாவுடன் ஒரு மரத்தடியில் நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு மலாய்ப் பெண் வந்தாள். கையில் கைப்பேசி. திரையைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், தயங்கினாள். பிறகு நேராக உங்கள் அப்பாவிடம் வந்து, பதிவு மண்டபம் எங்கே என்று கேட்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். அதில் அந்த ஒரே வரி: இனி யாரையாவது கேள். அவருக்கு எல்லாம் தெரியும், நீங்கள்தான் சொல்லியிருந்தீர்களே. “எனக்கும் தெரியாதும்மா. வா, கேட்போம்,” என்று மலாயில் சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தண்ணீர்க் கடைக்காரரைக் கேட்டு, அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே மரத்தடிக்குத் திரும்பி வந்தார். அடுத்து ஒரு பையன் வந்தான். பிறகு இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு யாரையும் கேட்காமல் அவரே வழி சொன்னார். அம்மா வந்து, “போலாமாங்க?” என்றார். “கொஞ்சம் இரு, இன்னும் பிள்ளைங்க வருதுங்க,” என்றார் அவர். சாயங்காலம்வரை அங்கேயே நின்றோம்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த அட்டையும் அந்த ஒரு வரியும்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது முன்பின் தெரியாத ஒருவரிடம் எதையாவது கேட்டுவிடுகிறேன். “தெரிஞ்ச வழியையே கேக்குறா, லூசு,” என்கிறாள் பிரியா. நேற்று தானா ராத்தா டவுனில் ஓர் அம்மாவிடம் மருத்துவமனைக்கு வழி கேட்டேன். அவர் பதறிப்போய், என் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதைச் சொல்லாமல் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.