பெயர் அழிந்த தொட்டிகள்

மார்ச் 3
பசுமைக்குடிலில் இருநூறு தொட்டியிலும் நாற்று பிடித்துவிட்டது. நூறு, பழைய செம்புச் சுரங்கத்தின் கழிவு மேட்டில் எடுத்த விதை. நூறு, மேட்டுக்குக் கீழே உள்ள புல்வெளியின் விதை. ஒரே வகைப் புல். இங்கே ஒரே மண், ஒரே தண்ணீர். மேட்டுப் புல் அங்கே போலவே இங்கேயும் முந்திப் பூத்தால் அது விதையிலேயே ஊறிய குணம் என்கிறார் இந்த ஆய்வை நடத்தும் மேடம். கீழ்ப் புல்லின் மகரந்தம் பறக்கும்போது மேட்டுப் புல் பூத்து முடிந்திருக்கும். கலக்காமலே விலகி விலகி ஒருநாள் இரண்டும் வேறு வேறு இனம். மேடத்தின் ஏழு வருட உழைப்பு இது.

மார்ச் 19
என்னை என்ன செய்தால் தகும்? பென்சிலில் எழுத வேண்டிய பெயர்ச்சீட்டை, அழகாக இருக்கட்டும் என்று மைப்பேனாவில் எழுதித் தொலைத்தேன். தெளிப்பான் நனைத்து நனைத்து எல்லாம் வெற்றுச் சீட்டு. போன வாரம்தான் வெயில் சமமாகப் படட்டும் என்று தொட்டிகளைக் கலைத்து வைத்தேன். எது மேடு, எது கீழ்? ஐயோ.

மார்ச் 20
மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 24
அக்காவிடம் போனில் அழுதேன். "ஏதாவது ஒண்ண எழுதி வச்சிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். நாலு சீட்டு எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 25
சொல்லிவிட்டேன். மேடம் கத்தியிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தண்ணி மட்டும் ஊத்து. வேற எதையும் தொடாத." என் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. அவ்வளவுதான், வேலை போச்சு.

ஏப்ரல் 23
தொண்ணூற்றாறு தொட்டியில் கதிர்! மற்றதில் ஒன்றுகூட இல்லை. மேட்டுப் புல்லாகத்தான் இருக்கும் — ஆனால் இருக்கும் என்று சொன்னால் போதுமா?

ஏப்ரல் 24
மேடமே வந்தார். "ஒவ்வொண்ணுலயும் அடியில முளைச்ச தூர் ஒண்ணப் பிச்சு செம்பு கலந்த தண்ணில வை. மேட்டுப் புல்லுன்னா வேர் விடும், இல்லன்னா கருகிடும்." உண்மைதான். அந்த மேட்டில் செம்பைத் தாங்கியது மட்டும்தானே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து விதை போட்டது. இருநூறு கண்ணாடிக் குழாய், இருநூறு எண். பென்சிலில்.

மே 1
குழாய்களை இன்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். வேரே விடாவிட்டால்?

மே 8
வேர் விட்டவை சரியாக நூறு. அதில் தொண்ணூற்று நான்கு, முந்திப் பூத்த தொண்ணூற்றாறில் அடங்கும். "எது மேடுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதுக்கேத்த மாதிரி பூவை எண்ணினோம்னு இனி எவனும் சொல்ல முடியாது. நமக்கே தெரியலையே!" என்று மேடம் சிரித்தார். நான் குழாய்களுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஜூன் 2
புது ஒப்பந்தம், இரண்டு வருடத்துக்கு. கையெழுத்துப் போடப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டேன்.
"இதுக்கு மட்டும் பேனா," என்றார் மேடம்.