வெள்ளைக் கார் நிற்காத நாள்

லாஜஸ், பிக்கோ தீவு
ஜூலை 18

அன்புள்ள டியோலிண்டா,

நலமா? இன்று காலை முதல் வேலையாகக் காரை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, குன்றின் மேலிருக்கும் காவல் குடிசைக்கு நடந்தே ஏறினேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பே இல்லை என்று திட்டிக்கொண்டே முழுவதும் குடித்தார். டொராண்டோவில் உனக்கு இன்னும் அதே வேலைதானா?

இனி உன் தம்பி எர்மானோவைப் பற்றி.

குடிசையில் சில்வேரியோ பைனாகுலரில் கடலைத் துழாவி, திமிங்கிலம் எங்கே எழுகிறது என்று ரேடியோவில் சுற்றுலாப் படகுகளுக்குச் சொல்வார். எத்தனை படகு நெருங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பது என் வேலை. ஒரு திமிங்கிலத்தருகே மூன்று படகுக்கு மேல் கூடாது. நான்கு வருஷமாக என் தாள்களில் மூன்றைத் தாண்டியதில்லை. இன்று ஏழு.

தாய் ஆழத்துக்குப் போயிருந்தது. குட்டி மட்டும் மேலே. தாய் எழுந்தபோது இரண்டுக்கும் நடுவில் எர்மானோவின் படகு. குட்டி எந்தப் பக்கம் போனாலும் ஒரு படகு. நாற்பது நிமிஷம், டியோலிண்டா.

சில்வேரியோ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒன் வெள்ளைக் காரு கடல்லேருந்து நல்லாத் தெரியும்மா. அது நின்னா ஒழுங்கா இருப்பானுவ. இன்னிக்குக் காணோமா, நீ லீவுன்னு நெனச்சுட்டானுவ. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

படகுகளுக்கு உரிமம் தரும் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "நாலு வருஷமா எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே மேடம்?" என்றார் அதிகாரி. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இன்னும் ஆறு படகுகளுக்கு உரிமம் தரப்போகிறார்களாம். ஆதாரம், என் தாள்கள்.

படகுத்துறையில் எர்மானோவைப் பிடித்தேன். "கார் ரிப்பேர்னா முன்னாடியே சொல்றதில்லையாக்கா? அடக்கமா இருந்திருப்போம்ல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று, என் நான்கு வருஷத் தாள்களையும் நம்பவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். ஏழு படகுகளின் பெயரையும் வாசிப்பேன். முதல் பெயர் அவனுடையது. அவன் உரிமம் போகலாம்; என் வேலையும் போகலாம். அவனுக்கு அந்தப் படகை வாங்கித்தர நீ அங்கே எத்தனை வருஷம் மீன் தொழிற்சாலையில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். சில்வேரியோவிடமோ என் கணவரிடமோ இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

எர்மானோ உன்னிடம் அழுவான். அவன் பக்கத்தை முதலில் கேள். பிறகு எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

என்றும் உன்,
ஃபிலோமெனா