மடங்காத லேப்டாப்

வீட்டுக்காரருக்கு,

நேற்று நீங்கள் வாங்கி வந்த லேப்டாப்பை மாற்றக் கடைக்குப் போகிறேன். பெட்டியைத் தேட வேண்டாம். நான் கேட்டது, திரை பின்பக்கம் முழுதாக மடங்குகிற சின்ன லேப்டாப். நான் பிசியோதெரபி செய்யப் போகிற வீட்டில், படுத்திருக்கும் நோயாளியின் கண்ணெதிரே பயிற்சி வீடியோவைப் பிடித்துக் காட்ட வேண்டும். நின்றபடியே குறிப்பெழுத வேண்டும். அதற்கு விலை குறைந்ததே போதும் என்று மூன்று தடவை சொன்னேன். நீங்கள் அம்மிக்கல் கனத்துக்கு, மடங்காத ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறீர்கள்.

மாற்றித் தருவீர்களா என்று போன் செய்தபோது கடைக்காரரே சொன்னார்: "அவ பொழுதுபோகாம வேலைக்குப் போறா, எதைக் குடுத்தா என்னன்னு சார் சொன்னாரும்மா."

அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது. சூடு பண்ண நான் வர மாட்டேன். கடையிலிருந்து அப்படியே இரண்டு நோயாளிகள் வீட்டுக்குப் போகிறேன்.

பி.கு: ஐந்து மணிக்கு உங்கள் அம்மாவுக்கு முழங்கால் பயிற்சி. இன்றைக்கு நீங்கள் செய்துவிடுங்கள். காலுக்குப் பத்து தடவை. வலிக்கிறது என்று கையைத் தட்டிவிடுவார்; பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாக மடக்க வேண்டும். ஆறு மாதமாகத் தினமும் நான் செய்கிறேன். நீங்கள் ஒருநாள்கூட அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை.