வாசலில் நிற்காதே

டெட்ராய்ட்,
டிசம்பர் 31, இரவு

அன்புள்ள ஓடெல் அண்ணனுக்கு,

அலாஸ்காவில் நீ வேலை பார்க்கும் நண்டு பிடிக்கும் படகின் கம்பெனி முகவரிக்கு இதை அனுப்புகிறேன். படகு கடலில் இருக்கிறது, செய்தி வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். போன வாரமும் அதையேதான் சொன்னார்கள்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உன் மகள் கியாராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

இன்று குவான்சாவின் ஆறாம் நாள், நம் ஆப்பிரிக்க முன்னோரை நினைக்கும் விருந்து. பாய் விரித்து, குழந்தைக்கு ஒன்று என்ற வழக்கப்படி கியாராவுக்காக ஒரு சோளக்கதிர் வைத்தோம். ஆறு மெழுகுவத்திகள் எரிந்தன. அம்மா நீர்க் கிண்ணத்தை எடுத்தாள். போனவர்களின் பெயரை ஒவ்வொருவராகச் சொன்னோம். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா பூந்தொட்டி மண்ணில் நீர் வார்த்தாள். அப்படியே ஆகட்டும் என்று எல்லோரும் "அஷே" சொன்னோம். தாத்தா எசக்கியேல். பெர்னிஸ் சித்தி. அப்பா.

அப்பாவோடு பெயர்கள் முடிந்தன.

"ஓடெல் பெட்டிவே" என்றாள் கியாரா.

அம்மாவின் கை தானாகச் சாய்ந்து நீரை வார்த்துவிட்டது. எங்கள் வாய்கள் "அஷே" என்றுவிட்டன. என் வாயும். பழக்கம், அண்ணா. வெறும் பழக்கம்.

கிளியோபஸ் மாமாதான் முதலில் பேசினார். "உசிரோட இருக்கிறவனுக்குத் தண்ணி ஊத்திட்டீங்களே. வந்தா என் பங்கு கோழியையும் சேர்த்துத் தின்னுட்டுத்தான் போவான்." யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

கியாராவைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். திட்டவில்லை. அவள் சொன்னாள்:

"பேர் சொன்னவங்க எல்லாம் உள்ள வந்தாங்க, அத்தை. அப்பா மட்டும் கதவுகிட்டயே நின்னாரு. யாருமே கூப்பிடல. பாவமா இருந்துச்சு."

இப்போது எங்கே என்றேன்.

"உள்ள வந்துட்டாரு. பாய்ல மட்டும் கால் வைக்கல. ஷூவெல்லாம் ஈரம். பாட்டி திட்டும்ல."

ஈரக் காலணியோடு பாயை மிதித்ததற்கு அம்மா உன்னைத் திட்டியதெல்லாம் கியாரா பிறப்பதற்கு முன்பு.

அம்மா இன்னும் இடத்தை விட்டு எழவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "கூப்பிட்ட பேரை நாம திருப்பி வாங்க முடியாது. அவனே வந்து இருக்கேன்னு சொல்லணும்." நீர் வார்த்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்தபோது கதவருகே தரை நனைந்திருந்தது. துடைத்தேன். யாருடைய காலணியிலோ ஒட்டி வந்த பனி என்று சொல்லிக்கொண்டேன். இந்த வாரம் இங்கே பனி விழவில்லை.

நாளை கடைசி மெழுகுவத்தி, இமானிக்கு, நம்பிக்கைக்கு. கியாராதான் ஏற்றப் போகிறாள்.

இருக்கிறாய் என்றால், இது எப்போது கைக்கு வந்தாலும், அழை. என்ன செய்தி என்று நாம் கேட்கும் அந்த "ஹபாரி கனி"யை மட்டும் கேள். போனைக் கியாரா எடுப்பாள். "இமானி" என்று பல்லில்லாத வாயால் பதில் சொல்வாள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இல்லையென்றால், அண்ணா, குளிரில் நிற்காதே. காலணியோடே பாயில் உட்கார். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள். பாயை நான் உலர்த்திக்கொள்கிறேன்.

கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
உன் தங்கை
வெர்னீட்டா